சர்க்கரை சேர்க்காத மிட்டாய்களில் சில ஜில்லென்று இருக்கின்றன, சில கடைசியில் கசக்கின்றன. ஏன்?

ஜில்லென்று இருந்தால் அதில் இருப்பது பெரும்பாலும் எரித்ரிட்டால் அல்லது சைலிட்டால்; இரண்டும் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டிகள். இவை எச்சிலில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் குளிர்ச்சி. புதினா மிட்டாயில் அது பொருத்தம். சாக்லேட்டில் எனக்குச் சகிக்காது.

எரித்ரிட்டாலின் இனிப்பு சர்க்கரையில் 60–70 சதவீதம்தான். குறையை ஈடுகட்டப் பல தயாரிப்புகளில் ஸ்டீவியா (ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பூட்டி) சேர்ப்பார்கள்; கசப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஸ்டீவியாவின் இனிப்பு மெதுவாக ஏறும், பிறகு நாக்கை விட்டுப் போகவே மறுக்கும், கொஞ்சம் அதிமதுரச் சாயலோடு. அதனால் மிட்டாய்களை ருசித்து ஒப்பிடும்போது விழுங்கியதுமே மதிப்பெண் போடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். அடுத்ததை எடுக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள்.

சுவையில் சர்க்கரைக்கு மிக நெருக்கமாக வருபவற்றில் ஒன்று மால்டிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டி, சுமார் 90 சதவீத இனிப்பு. பலர் ஏமாறுவதும் இதில்தான்: கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் உண்டு (சர்க்கரையில் 4), ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் ஒரு பொட்டலத்தைக் காலி செய்தால் வயிறு உப்பி, கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். பட்டவன் சொல்கிறேன்.