சிறிய கணக்கும் பெரிய லாட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோட்டில் வசிக்கிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 60,000 ரூபாய் முதல் போட்டு நிஃப்டி ஆப்ஷன் (நிஃப்டி குறியீட்டைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வாங்கி விற்கத் தொடங்கினேன். மாதம் 15,000 எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. இப்போது 41,000 மீதமிருக்கிறது. என்னுடன் பணிபுரியும் ஒருவர் 20 லட்சம் வைத்துக்கொண்டு பதற்றமே இல்லாமல் செய்கிறார். குறை என் திறமையிலா, முதலிலா? நகையை அடகு வைத்துக் கணக்கை 5 லட்சமாக்கினால் எளிதாகுமா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு கடிதத்தை வைத்து உங்கள் திறமையை என்னால் எடைபோட இயலாது. முதலைப் பற்றிச் சொல்லலாம்.

நீங்கள் கேட்ட 15,000 ரூபாய், 60,000 ரூபாய்க்கு மாதம் 25 சதவீதம். உங்கள் நண்பரின் 20 லட்சத்துக்கு அதே தொகை முக்கால் சதவீதம். இருவரும் ஒரே திரையைத்தான் பார்க்கிறீர்கள் என்றாலும், அவர் சந்தையிடம் கேட்பது சில மாதங்களிலாவது கிடைக்கக்கூடியது, நீங்கள் கேட்பது உலகின் பெரிய நிதி மேலாளர்கள்கூட உறுதியளிக்கத் துணியாதது. அவருடைய பதற்றமின்மைக்குக் குணத்தைவிட இந்த விகிதமே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

அடுத்தது லாட், அதாவது ஆப்ஷன் விற்கப்படும் கட்டின் அளவு. பங்கை ஒன்றிரண்டாகவும் வாங்கலாம். ஆப்ஷனை ஒரு லாட்டுக்குக் குறைத்து வாங்க வழியில்லை. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 அக்டோபரில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியதை அடுத்து, நிஃப்டி லாட் 25இலிருந்து 75 ஆயிற்று. பிற்பாடு அளவு மாறினாலும் கணக்கின் போக்கு மாறாது என்பதால் 75 என்றே வைத்துக்கொள்வோம். பிரீமியத்தில், அதாவது ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலையில், 20 ரூபாய் இறங்கினால் விற்றுவிடும்படி ஸ்டாப் லாஸ் போட்டால் ஒரு லாட்டில் போவது 1,500 ரூபாய். தொடர்ந்து பத்து முறை அது அடிபடுவது இத்தொழிலில் அதிசயமில்லை. அப்போது போகும் 15,000 உங்கள் தொடக்க முதலில் கால்வாசி, நண்பருக்கு முக்கால் சதவீதம். அவர் லாட்டுகளைக் குறைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பார். உங்களிடம் குறைக்க இடமில்லை. ஒரு லாட்டுக்குக் கீழே சுழியம்தான். இழந்த 19,000 உங்கள் முதலில் ஏறத்தாழ 32 சதவீதம். அதை மீட்க, மீதமுள்ள 41,000 ரூபாய் 46 சதவீதம் வளர வேண்டும்.

தரகுச் செலவும் இப்படியே. பல தள்ளுபடித் தரகர்கள் ஆப்ஷனில், எத்தனை லாட் ஆனாலும், ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள். வாங்கி விற்க, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து, 47 ரூபாய் 20 காசு. 50 ரூபாய் பிரீமியத்தில் ஒரு லாட்டுக்கு நீங்கள் போடும் 3,750 ரூபாயில் இது ஒன்றேகால் சதவீதம். பத்து லாட் வாங்குபவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு நான்கு முறை வாங்கி விற்கும் பழக்கம் இருந்தால், மாதக் கடைசியில் தரகு மட்டும் எவ்வளவு ஆயிற்று என்று கூட்டிப் பாருங்கள்.

பெரிய கணக்குக்கு வேறு துன்பம் உண்டு. இராயக்கோட்டை மண்டியில் பத்துப் பெட்டி தக்காளி விற்பவர் அன்றைய விலைக்கு விற்றுவிட்டுப் போகலாம். ஒரே ஆள் பத்து லாரி இறக்கினால் அவருடைய சரக்கே விலையை இறக்கிவிடும். சிறு நிறுவனப் பங்குகளில் பெருந்தொகை நுழையும்போதும் வெளியேறும்போதும் இதுதான் நடக்கிறது. அமெரிக்காவின் ரெனசான்ஸ் முதலீட்டு நிறுவனம் தன் மெடாலியன் நிதியில் 1993 முதல் புதிய வெளியாட்களைச் சேர்க்காமல், பின்னர் ஏற்கெனவே இருந்தவர்களின் பணத்தையும் திருப்பிக் கொடுத்து, நிதியின் அளவைக் கட்டுக்குள் வைத்ததும் இதற்காகத்தான். ஆனால் 20 லட்சம் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. உங்கள் நண்பர் நிற்பது இரு தொல்லைகளும் அண்டாத நடுவிடத்தில். அதனால் மட்டும் அவர் லாபம் பார்த்துவிடுவார் என்பதில்லை. 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்ததாக செபியின் ஆய்வு சொல்கிறது, அவர்களில் பெரிய கணக்குக்காரர்களும் இருந்தார்கள்.

நகைக்கு வருவோம். 5 லட்சமாக்க ஏறக்குறைய 4,59,000 கடன் வேண்டும். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றே வைத்தாலும் மாதம் 3,800 ரூபாய். நீங்கள் எதிர்பார்க்கும் 15,000 ரூபாயுடன் அதைக் கூட்டினால் கணக்கு மாதந்தோறும் 3.8 சதவீதம் தர வேண்டும், அதுவும் ஒரு மாதமும் தவறாமல், ஏனெனில் வட்டிக்காரர் சந்தை நிலவரம் கேட்பதில்லை. லாட் தொல்லை குறையும் என்பது உண்மைதான். அந்த இடத்தில் தவணைத் தேதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அடகு வேண்டாம் என்பதே என் கருத்து.

இருக்கும் 41,000 ரூபாயை ஆப்ஷனிலிருந்து எடுத்துப் பங்குகளுக்குக் கொண்டுவரலாம். ஒரு முறைக்கு இழக்கத் தக்கது ஒரு சதவீதம், அதாவது 410 ரூபாய் என்று வைத்தால், 300 ரூபாய்ப் பங்கில் 10 ரூபாய் ஸ்டாப் லாஸுடன் 41 பங்குகள் வாங்கலாம். 12,300 ரூபாயில் முடியும். இதில் மாதம் 15,000 வராது, சில நூறு ரூபாய் நின்றாலே நல்ல மாதம். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஓராண்டில் செலவு போக என்ன மிஞ்சியது என்று பார்த்த பிறகு, சம்பளத்தில் மீதமாவதை இதில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.