ஆடாத நம்பர் – கடிதம்

வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டை. என் மகன் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டான். இன்குபேட்டரில் இருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. ராத்திரியில் மூச்சு ஆறேழு நொடி நின்று நின்று வருகிறது. பயந்துபோய் ஆன்லைனில் காலில் மாட்டும் கருவி வாங்கினோம். இதயத்துடிப்பு 112 என்று காட்டும், சற்று நேரத்தில் 150 என்னும். பால் கக்குகிறான், குப்புறப் போடு என்கிறார் ஆயா. அப்படிப் போட்டால் நம்பர் அவ்வளவாக ஆடுவதில்லை, அவனும் அசையாமல் தூங்குகிறான். அப்படியே விடலாமா?
– ர.

அன்புள்ள ர.,

விடாதீர்கள். பகலோ இரவோ, மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். அவனைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நம்பர் ஆடுகிறதே என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு உறுத்துவது அது ஆடாமல் நிற்பதுதான். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் ஏறும், விடும்போது இறங்கும். மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு, அங்கிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பைக் கடிவாளம்போல இழுத்தும் தளர்த்தியும் இதயத்தை ஓட்டுகிறது. குறைமாதப் பிள்ளைக்கு இந்தப் பிடி இன்னும் பழகவில்லை, வாரங்கள் போகப்போகத்தான் தேறும். இமைக்குள் கண் உருள, உதட்டைச் சுழித்துச் சிரித்துக்கொண்டு தூங்குவானே, அந்தத் தூக்கத்தில் மூச்சும் துடிப்பும் தாறுமாறாகத்தான் இருக்கும். ஆழ்ந்து தூங்கும்போது சீராகும். ஐந்து, பத்து நொடி நின்று தானாகத் திரும்பும் மூச்சு இந்த வயதில் சகஜம். 20 நொடி தாண்டினாலோ, உதடு நீலம்பாரித்தாலோ, உடம்பு துவண்டாலோ யோசிக்கவே கூடாது. உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

குப்புறப் படுத்த குழந்தைக்குத் துடிப்பின் ஏற்ற இறக்கம் குறைகிறது, மூச்சு முட்டினாலும் சட்டென விழிப்பதில்லை. நீங்கள் நிம்மதியான தூக்கம் என்று நினைப்பது அதைத்தான். ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன். இன்குபேட்டரில் குப்புறப் போட்டிருந்ததை அவர் பார்த்திருக்கலாம். அங்கே மானிட்டரும் நர்ஸும் பக்கத்திலேயே இருந்தார்கள். பால் கக்குவதற்கும் பதில் இருக்கிறது: மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம், குப்புறக் கிடந்தால்தான் சுலபம். அமெரிக்காவில் 1994இல் ‘மல்லாக்கப் போடுங்கள்’ என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அந்தக் கருவி? வீட்டு மானிட்டர்கள் இத்தகைய மரணத்தைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. விற்பவர்களுக்கு உங்கள் பயம்தான் மூலதனம். காசு போனது போகட்டும், கழற்றி வைத்துவிட்டு ஆளுக்குக் கொஞ்சம் தூங்குங்கள்.

நம்மூர் வெக்கையில் குல்லாவும் ஸ்வெட்டரும் வேண்டாம், சூடு ஏறுவதும் ஆபத்துதான். தூளியில் ஆட்டலாம், ஆனால் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும். அதனால் தூங்கியதும் கெட்டியான சமதளப் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள், தலையணை வேண்டாம். வீட்டில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது, வாசலில் நின்றும்கூட.

இந்த வாரமே பச்சிளங்குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு நிற்பதை, சட்டையை விலக்கி நெஞ்சு தெரியும்படி, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.