பிசிக்கல் சயின்ஸ் பி.எட்.: மாணவர் கேள்விகளும் பதில்களும்

இயற்பியல், வேதியியல் படித்து அறிவியல் ஆசிரியராக விரும்புகிறவர்களின் கேள்விகளுக்கு, பி.எட். வகுப்பில் பிசிக்கல் சயின்ஸ் நடத்தும் பேராசிரியை பதில் தருகிறார்.

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிறேன் மேடம். வேதியியலைத் துணைப்பாடமாகப் படித்ததோடு சரி. பி.எட். முடித்தால் அதையும் நடத்தணுமா?

நடத்தத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம். பள்ளியில் வேதியியல் ஆசிரியர் இல்லையென்றால் அந்த அலகுகளும் உங்கள் தலையில்தான் விழும். 10ஆம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், மீதி 25 செய்முறைப் பக்கம். குவிலென்சின் குவியத்தூரமும் உண்டு, எந்த உப்பு கரையும்போது வெப்பம் உமிழ்கிறது, எது உறிஞ்சுகிறது என்பதும் உண்டு.

ஆகவே கல்லூரியை விட்டு வருமுன் திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) தயாரிக்கக் கை பழக்கிக்கொள்ளுங்கள். 250 மி.லி. 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலத்துக்கு 1.575 கிராம் படிகம் எடுக்க வேண்டும். பீக்கரில் கொஞ்சம் வாலை வடிநீரில் முழுவதும் கரைத்துப் புனல் வழியாகத் திட்டக் குடுவையில் ஊற்றுங்கள். பீக்கரையும் புனலையும் மூன்று முறை அலசி, அந்த நீரையும் குடுவையிலேயே சேருங்கள். பலர் அலசாமல் விட்டுவிடுவதால்தான் கரைசல் நீர்த்துப்போகிறது. சூடாக்கிக் கரைத்திருந்தால் ஆறிய பிறகே குறி வரை நிரப்புங்கள். சூட்டோடு நிரப்பினால் ஆறும்போது மட்டம் இறங்கி, செறிவு கூடிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டுத் திட்டக் கரைசல் ஆக்க முடியாது. எடைத்தட்டில் இருக்கும்போதே காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். அதனால் அதன் செறிவை ஆக்சாலிக் அமிலக் கரைசலோடு தரம்பார்த்துத்தான் கண்டறிய வேண்டும். இந்தத் தரம்பார்த்தலுக்கு நிறங்காட்டியாகப் பினாப்தலீன்தான் சரி. மெத்தில் ஆரஞ்சு முடிவுநிலைக்கு முன்பே நிறம் மாறிவிடும்.

அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. மாணவர்கள் முன் இதைச் செய்தே காட்டுங்கள்.

தனி ஊசல் சோதனையில் என் மாணவர்களில் பாதிப் பேருக்குப் புவியீர்ப்பு முடுக்கம் g 10.8 வருகிறது. நூல், குண்டு, கடிகாரம் எல்லாம் மாற்றியாயிற்று.

எண்ணும் முறையைப் பாருங்கள். கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கி "இருபது" என்று நிறுத்தினால் நடந்தவை 19 அலைவுகள். நேரத்தை 20ஆல் வகுப்பதால் அலைவு நேரம் 5 விழுக்காடு குறைகிறது. அதன் வர்க்கத்தைப் பயன்படுத்துவதால் g ஏறத்தாழ 11 விழுக்காடு கூடிவிடும். 9.8 என்பது 10.8 ஆவது இப்படித்தான். "சுழி" என்று சொல்லித் தொடங்கச் சொல்லுங்கள். குண்டு நடுநிலையைக் கடக்கும் கணத்தில் எண்ணுவது நல்லது. அங்கேதான் வேகம் அதிகம், கடக்கும் நேரம் துல்லியமாகத் தெரியும்.

இன்னொரு பிழையையும் அட்டவணையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நூலின் நீளத்தை மட்டும் எடுத்துக் குண்டின் ஆரத்தை விட்டுவிட்டால், 50 செ.மீ.க்கு g 9.6, 100 செ.மீ.க்கு 9.7 என்று நீளத்தோடு ஏறிக்கொண்டே போகும் (ஆரம் 1 செ.மீ. என்றால்). ஆனால் நீளத்துக்கு எதிராக அலைவு நேர வர்க்கத்தை வரைந்து சாய்விலிருந்து g எடுத்தால் இந்தப் பிழை பாதிக்காது. கோடு ஆதிப்புள்ளி வழியே போகாது, அவ்வளவுதான். வரைபடம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. வீச்சுக் கோணம் 10 பாகையைத் தாண்ட வேண்டாம்.

நுண்ணிலைக் கற்பித்தலில் (ஒரே திறனைச் சில நிமிடம் நடத்திப் பழகும் பயிற்சி) கிளர்வினாத் திறனுக்கு, அதாவது மாணவரின் பதிலைத் துருவித் தொடர்ந்து கேட்பதற்கு, எப்படித் தயாராவது மேடம்? நான் கேட்டால் "ஆமாம்", "இல்லை" என்றுதான் பதில் வருகிறது.

ஐந்தாறு நிமிடத்தில் ஒரு பாடத்தையே முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு தவறான எண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, மெழுகுவத்தியின் பிம்பத்தைக் குவிலென்சால் திரையில் விழவைத்து, லென்சின் கீழ்ப்பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பாதிப் பிம்பம் போய்விடும் என்பார்கள். உடனே மறுக்காதீர்கள். "சுடரின் நுனியிலிருந்து கிளம்பும் ஒளி லென்சில் எங்கெல்லாம் படும்?" என்று கேளுங்கள். "மேல்பாதி வழியாகப் போகும் ஒளி எங்கே சேரும்?" என்று தொடருங்கள். பிறகு மூடிக் காட்டுங்கள். பிம்பம் முழுதாக இருக்கும், மங்கலாகும். அறையை நன்றாக இருட்டாக்காவிட்டால் மங்குவது தெரியாது.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளுக்கு இயற்பியலை மட்டும் ஆழமாகப் படித்தால் போதுமா?

போதாது. 150 மதிப்பெண்ணில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60 கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆளுக்குப் பாதி. அந்த அறிவியல் 30க்குள் தாவரவியலும் விலங்கியலும் வரும். பட்டப்படிப்பு நூல்களை ஓரம் வைத்து, 6 முதல் 10 வரையான பள்ளிப் புத்தகங்களில் கணிதத்தையும் உயிரியலையும் முதலில் முடியுங்கள்.

பிளஸ் 2 முடிக்கும் என் மகளுக்கு ஆசிரியர் வேலைதான் ஆசை. நேராக ஏதாவது படிப்பு உண்டா?

உண்டு. மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு அதன் எல்லைக்குள் வருகிறது. தனித்தனியாகப் படித்தால் 3+2, ஐந்து ஆண்டு ஆகும். தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்.சி.இ.டி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். மகளுக்கு ஆசை உறுதி என்றால் இதைத்தான் முதலில் முயலச் சொல்வேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்கணும்?

ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அமில பாட்டில்களில் எழுதிய தேதி, எரிவாயு இணைப்பு, தராசு வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள், வழிகாட்டி ஆசிரியர் அறிவியல் படித்தவரா என்று முன்பு படித்தவர்களிடமே கேளுங்கள்.