ஸ்கோர் இறங்கிவிட்டது, கை ஏன் எழவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நிமோனியாவில் தொடங்கி, கிருமி ரத்தத்தில் கலந்து ஐ.சி.யு.வில் சேர்த்து இன்று 16-வது நாள். 13 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். சேர்த்தபோது சோஃபா ஸ்கோர் 12, இப்போது 3, நல்ல முன்னேற்றம் என்கிறார் டாக்டர். ஆனால் அப்பாவால் கையைத் தூக்கி மூக்கைச் சொறியக்கூட முடியவில்லை. இரண்டு கால்களும் அப்படித்தான். நாங்கள் பேசுவது புரிகிறது, முகம் சுளிக்கிறார், தலையாட்டுகிறார். இது பக்கவாதமா? மயக்க மருந்து அதிகமாகிவிட்டதா? கால்களை நன்றாகப் பிடித்துவிட்டு, புரோட்டீன் பவுடர் கொடுத்தால் சீக்கிரம் எழுந்துவிடுவாரா?

பதில்: டாக்டர் சொல்வதும் சரி, நீங்கள் பார்ப்பதும் சரி. இரண்டும் வேறு வேறு கணக்கு. சோஃபா ஸ்கோர் பார்ப்பது ஆறு விஷயங்களை: நுரையீரல், ரத்த ஓட்டம், சிறுநீரகம், கல்லீரல், பிளேட்லெட், மூளையின் விழிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. இதில் கைகால் தசைக்கு இடமே இல்லை. ஆகவே ஸ்கோர் 3-க்கு இறங்கியது என்றால் உறுப்புகள் தேறிவிட்டன என்று பொருள். ஸ்கோர் 12-ல் நின்ற நாட்களில் தசை இழந்ததை அது சொல்லாது.

இழப்பு சின்னதும் இல்லை. 2013-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 63 ஐ.சி.யு. நோயாளிகளின் முன்தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்தார்கள். பத்து நாளில் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 18 சதவீதம் சுருங்கியிருந்தது. ஒரே ஓர் உறுப்பு மட்டும் பழுதானவர்களுக்கு ஏழு நாளில் போனது 3 சதவீதம். பல உறுப்புகள் பழுதானவர்களுக்குப் போனது 16 சதவீதத்துக்குப் பக்கம். இரு தரப்பும் படுக்கையில்தான் கிடந்தார்கள். ஆக, ‘படுத்தே இருந்ததால் வந்த பலவீனம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. நோயின் தீவிரமே தசையைத் தின்கிறது. உடல் முழுக்க அழற்சி பரவும்போது தசைப் புரதம் சேர்வதைவிட வேகமாகக் கரைகிறது. நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்கள் கசிந்து, நரம்பிழைகளும் பட்டினி கிடக்கின்றன. சிலருக்குத் தசை மட்டும், சிலருக்கு நரம்பு மட்டும், பலருக்கு இரண்டும் அடிபடும். ஐ.சி.யு. பலவீனம் என்பது இதுதான்.

மூச்சுக்கான உதரவிதானமும் தசைதான். வென்டிலேட்டர் முழு வேலையையும் எடுத்துக்கொண்டால், அதன் இழைகள் 18 முதல் 69 மணி நேரத்துக்குள்ளேயே மெலிந்துவிடுவதை 2008-ல் காட்டியிருக்கிறார்கள். டியூப்பை எடுப்பது சிலருக்கு இழுபறியாவதற்கு இதுவும் ஒரு காரணம். எடுத்த பிறகும் இருமலில் வலு இருக்கிறதா என்று கவனியுங்கள். சளியை வெளியே தள்ள முடியாமல் ‘களக் களக்’ என்று தொண்டையிலேயே சத்தம் கேட்டால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

பக்கவாதமா என்ற கேள்விக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது ஐ.சி.யு. பலவீனத்தின் வழக்கமான முகம்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தளர்வு, முகத்தசைக்கு ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால், வாய் கோணினால், இமை தொங்கினால், இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால், மார்புக்கோ இடுப்புக்கோ கீழே உணர்வே இல்லை என்றால், அல்லது நாளுக்கு நாள் தளர்ச்சி கூடினால், கதை வேறு. அப்போது நரம்பியல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஸ்கேன், நரம்பு கடத்தல் சோதனை, இ.எம்.ஜி. (தசையின் மின்துடிப்பை அளக்கும் சோதனை) தேவைப்படலாம்.

மயக்க மருந்தை மட்டும் குற்றவாளியாக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடலில் கூடுதல் நாள் தங்கும், உண்மைதான். ஆனால் உங்கள் அப்பா கேட்டுப் புரிந்துகொண்டு தலையாட்டுகிறார். நீண்ட ஆழ்மயக்கம், தசை தளர்த்தும் மருந்து, ஸ்டீராய்டு, கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் சேர்ந்து பலவீனத்தைக் கூட்டும். அதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தச் சொல்லி வற்புறுத்துவது ஆபத்து.

பலவீனத்தை அளக்கவும் ஒரு கணக்கு உண்டு, எம்.ஆர்.சி. ஸ்கோர் என்று கேளுங்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கித் தோளை விரிப்பது, முழங்கையை மடக்குவது, மணிக்கட்டை மேலே தூக்குவது, தொடையைத் தூக்கி இடுப்பை மடக்குவது, முழங்காலை நீட்டுவது, பாதத்தை மேல்நோக்கித் தூக்குவது. இரு பக்கமும் சேர்த்து 12 இடம், ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 60. முழங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தசை துடிப்பது மட்டும் தெரிந்தால் 1. படுக்கை விரிப்பின் மேலேயே முன்கையை நகர்த்தி மடக்கினால் 2. விரிப்பை விட்டு மேலே தூக்கி மடக்கினால் 3. நீங்கள் லேசாக அழுத்தியும் அதை மீறி மடக்கினால் 4. முழு வலுவும் இருந்தால் 5. மொத்தம் 48-க்குக் கீழே போனால் பலவீனம், 36-க்குக் கீழே போனால் கடும் பலவீனம். முதலில் ‘கண்ணை மூடித் திற, என்னைப் பார், நாக்கை நீட்டு, தலையாட்டு, ஐந்து எண்ணியதும் புருவத்தைத் தூக்கு’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். அரைத்தூக்கத்தில் இருப்பவரிடம் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. வாரம் ஒருமுறை இந்த எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள். இனி உங்களுக்கு வேண்டியது சோஃபா அல்ல, இதுதான்.

கால் பிடித்துவிடுவது: டாக்டரைக் கேட்காமல் கெண்டைக்காலை அழுத்திப் பிசைய வேண்டாம். நாள்கணக்கில் படுத்தவர்களுக்கு அங்கே ரத்தக்கட்டி இருக்கலாம். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அதற்குப் பதில், பாதம் கீழே தொங்கி இறுகிவிடாமல் கணுக்கால் 90 டிகிரியில் நிற்கும்படி தாங்கல் வைக்கக் கேளுங்கள். குதிகால் மெத்தையில் படாமல் இருக்கட்டும். முழங்காலின் வெளிப்பக்க எலும்புக்குக் கீழே எதுவும் அழுத்தக் கூடாது. அங்கே நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது, நசுங்கினால் பாதம் தொங்கிவிடும். தூக்கி உட்காரவைக்கும்போது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்காதீர்கள். தசை தாங்காத தோள் மூட்டு இறங்கிவிடும்.

உடற்பயிற்சி தலைமாட்டை உயர்த்துவதில் தொடங்கி, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது, நிற்பது, நாற்காலி, நடை என்று போகும். சீக்கிரம் தொடங்குவது பலன் தரும்: 2009-ல் வந்த ஆய்வில், இரு தரப்புக்குமே மயக்க மருந்தைத் தினமும் நிறுத்திப் பார்த்தார்கள்; ஆரம்பத்திலேயே பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் தன் வேலையைத் தானே செய்யும் நிலைக்கு வந்தார்கள், மற்றவர்களில் 35 சதவீதம். ஆனால் ‘இன்னும் அதிகம் செய்யுங்கள்’ என்று பிசியோதெரபிஸ்ட்டை நெருக்க வேண்டாம். 2022-ல் 750 பேரிடம் நடந்த சோதனையில், தினம் 9 நிமிடத்துக்குப் பதில் 21 நிமிடம் பயிற்சி கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. இதயத்துடிப்பு தடுமாறுவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற தொல்லைகள்தான் கூடின. உட்காரும்போது தலை சுற்றினாலோ, ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனாலோ அன்றைக்கு அத்துடன் நிறுத்துவார்கள். அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள்.

புரோட்டீன் பவுடரை நீங்களாக ஊட்டாதீர்கள். டியூப் எடுத்தவர்களுக்கு விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும். விழுங்கும் சோதனை முடியும் முன் வாயில் கொடுப்பது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். புரோட்டீனுக்கு வழக்கமான இலக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.3 கிராம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு தினம் 75 கிராம் அளவில். சிறுநீரகம் அடிபட்டவருக்கு அதைவிட அள்ளிக்கொடுப்பது கெடுதலாகலாம் என்று 2023-ன் பெரிய சோதனை ஒன்று சுட்டியது. மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் இன்றைய கணக்கைக் கேளுங்கள். பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அவை குறைந்தாலும் தசை எழாது.

எத்தனை நாளாகும்? தசை மட்டும் அடிபட்டிருந்தால் வாரங்களிலிருந்து சில மாதங்கள். நரம்பும் அடிபட்டிருந்தால் அதைவிட மெதுவாக; நரம்பு ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் பாதம் கடைசியில் தேறும். தோளும் இடுப்பும் முதலில் அசையத் தொடங்குவது நல்ல அறிகுறி. டிஸ்சார்ஜ் தாளில் ‘ஐ.சி.யு. பலவீனம்’ என்று எழுதித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் வயசான தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடலாம்.