போனை நாமே கழற்றலாமா? வாசகர் கேள்வி-பதில்

வீட்டிலேயே போன், லேப்டாப்பைச் சரிசெய்வது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் பழைய போனின் பின்மூடி ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பேட்டரி வாங்கி நானே மாற்றிவிடலாமா?

முதலில் சார்ஜரிலிருந்து எடுத்து போனை ஆஃப் செய்யுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். மூடி தூக்குகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாகி, அந்த மெல்லிய பையை ஊத வைக்கிறது. மூடியை அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை வெளியே விடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றோடொன்று பட்டு ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியைக் கழற்றுவது முதல்முறை செய்பவருக்கான வேலை இல்லை, அதை அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். பழையது குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது, மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

உப்பவில்லை, சார்ஜ்தான் சீக்கிரம் இறங்குகிறது என்றால் நீங்களே மாற்றலாம், தாராளமாக. போனில் இருப்பதையெல்லாம் பேக்கப் எடுத்துவிட்டு, சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள், ஏனென்றால் நிறைந்த பேட்டரியில் கைதவறிக் கீறல் விழுந்தால் ஆபத்து அதிகம். ஓரத்தைச் சூடாக்கிப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் நெம்புங்கள், பிளேடு, கத்தி எதுவும் வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பல போன்களில் பேட்டரிக்கு அடியில் இழுத்து உருவும் பசைநாடா இருக்கும். அதை மேல்நோக்கி இழுத்தால் அறுந்துவிடும், போனை ஒட்டினாற்போலத் தாழ்வாகப் பிடித்து நிதானமாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு வெளியே வந்துவிடும். இன்னொன்று, ஒருமுறை திறந்த போனை மறுபடி தண்ணீர் புகாத போன் என்று நம்பாதீர்கள், அந்தப் பசைதான் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தது.

கேள்வி: கேபிளை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. போர்ட் போய்விட்டதா?

பல நேரம் போர்ட்டில் எந்தக் கோளாறும் இருக்காது. சட்டைப்பை நூலும் தூசியும் உள்ளே சேர்ந்து, கேபிளைச் செருகும்போதெல்லாம் அடியில் அழுந்தி அழுந்திக் கெட்டித் துணிபோல ஆகியிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். போனை ஆஃப் செய்துவிட்டு மெல்லிய மரக்குச்சியால் ஓரங்களில் சுரண்டி எடுங்கள், டைப்-சி போர்ட்டின் நடுவில் இருக்கும் நாக்கை அசைக்கக் கூடாது. குண்டூசி வேண்டாம். கேபிள் டக்கென்று உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

கேள்வி: தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போட்டு வைக்கலாமா?

வேண்டாம். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்காது, தூசியும் மாவும்தான் போர்ட்டுக்குள் போகும். ஆஃப் செய்து, சிம் தட்டை வெளியே எடுத்து, போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டத்தில் வையுங்கள். சார்ஜ் போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள், ஈரமும் மின்சாரமும் சேரும்போதுதான் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் அரிப்பு வேகமாகப் பிடிக்கிறது. உப்புத்தண்ணீர் என்றால் காத்திருக்காமல் அன்றே திறந்து சுத்தம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: லேப்டாப் கொதிக்கிறது, ஃபேன் இரைகிறது, சில நேரம் தானாக அணைந்துவிடுகிறது. ஃபார்மட் செய்தும் பயனில்லை.

சூட்டினால் அணைவதை ஃபார்மட் சரிசெய்யாது. அடிமூடியைக் கழற்றினால் காரணம் கண்ணுக்குத் தெரியும்: ஃபேனுக்கும் காற்று வெளியேறும் செம்பு அல்லது அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒரு திரைபோலப் படிந்து வழியை அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது இன்னும் உள்ளேதான் போகும். பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் அதன் பேரிங் கெட்டுவிடும். அப்படியும் சூடு குறையவில்லை என்றால் பிராசசர் மேலிருக்கும், சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் வைத்தால் போதும். பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருந்தால் அந்த வரிசையிலேயே முறுக்குங்கள், அழுத்தம் சமமாக விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எண்கள்.

அப்புறம் ஸ்க்ரூ விஷயம், இதை யாரும் கேட்கவில்லை ஆனால் சொல்லியாக வேண்டும். ஒரே கருவிக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் வேறு வேறு நீளத்தில் ஸ்க்ரூக்கள் இருக்கும். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதை முறுக்கினால் அது மதர்போர்டுக்குள் இறங்கி உள்ளே ஓடும் இணைப்புகளை அறுத்துவிடும், அதைச் சரிசெய்வது மிகவும் கஷ்டம். ஒரு காகிதத்தில் கருவியின் படத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டே போங்கள்.

கேள்வி: ஐபோன் டிஸ்ப்ளேயை நானே மாற்றினேன். நன்றாக வேலை செய்கிறது, ஆனால் இது அசல் பாகமா என்று தெரியவில்லை என்று செட்டிங்ஸில் வருகிறது. நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

நீங்கள் தப்பு செய்யவில்லை. பாகத்தின் சீரியல் எண்ணை போனோடு மென்பொருளில் கட்டிவைத்திருக்கிறார்கள், எண் மாறினால் அந்தச் செய்தி வரும், சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் போன்ற சில வசதிகளும் நின்றுபோகலாம். அசல் பாகம் என்றால், 2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இலிருந்து புதிய மாடல்களில் செட்டிங்ஸ் வழியாகவே அதைப் பதிவு செய்ய முடிகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் எந்தப் பாகத்தைப் போட வேண்டும் என்று தயாரித்தவர் தீர்மானிப்பது நியாயமே இல்லை என்பது என் கருத்து. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் இதைத் தடுத்துச் சட்டமே போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றும்படி அமைக்க வேண்டும் என்று விதி வருகிறது.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடலாமா?

போடுங்கள். எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாத, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம், இதைவிட எளிதாக இவ்வளவு பலன் தரும் வேலை வேறு இல்லை. வாங்குமுன் உங்கள் மாடலில் எந்த வகை ஏறும் என்று பாருங்கள். சிறு பட்டைபோல இருக்கும் எம்.2 வகையில் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அது அளவு மட்டும்தான். சாட்டா, என்விஎம்இ என்பவை தரவு போய்வரும் இரண்டு வேறு முறைகள், அளவு சரியாக இருந்தும் ஸ்லாட் சாட்டா வகையாகவும் நீங்கள் வாங்கியது என்விஎம்இ ஆகவும் இருந்தால் வேலை செய்யாது. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பூட்டைத் திறக்கும் எண்ணான ரெக்கவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.