முதலில் சித்தப்பாவிடம் பேசு

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். கிரிமினாலஜியும் (குற்றவியல்) சைக்காலஜியும் (உளவியல்) சேர்த்துப் படிக்க ஆசை. குற்றவாளிகளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதில் சின்ன வயதிலிருந்தே ஆர்வம். ஒன்றைக் கல்லூரியிலும் இன்னொன்றை அஞ்சல் வழியிலும் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்கிறார்கள். அப்பாதான், ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு’ என்கிறார். எங்கள் சித்தப்பா வரப்புத் தகராறில் ஒருவரை வெட்டிவிட்டு ஏழு வருஷம் ஜெயிலில் இருந்தவர். அதனால்கூட இந்தப் பேச்சு பிடிக்கவில்லையோ என்னவோ. சித்தப்பா வீட்டுக்குள் வருவதில்லை. தோட்டத்து மோட்டார் ரூமில் இருக்கிறார். தம்பி சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவான். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: உன் அப்பாவை அப்புறம் பார்ப்போம்.

இந்தப் படிப்பைப் பற்றி எனக்கு எழுதும் பிள்ளைகள் எல்லாரும் ‘குற்றவாளியின் மனம்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பாதிப் பேருக்கு அந்த ஆசை ராத்திரி கண் விழித்துப் பார்க்கும் கொலைத் தொடர்களிலிருந்து வந்தது. நீ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஏழு வருஷம் உள்ளே இருந்தவர் உன் வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கிறார். வந்த பிறகு அவரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்கிறாயா? கடிதத்தில் அதற்கான அடையாளமே இல்லை. தம்பி சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவான் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் அப்பாவை மடக்க வழி கேட்கிறாய். அந்தத் தட்டை நீ ஏன் எடுத்துக்கொண்டு போகவில்லை? நாய்க்கு வைப்பதுபோல் வாசலில் வைக்க அந்தச் சின்னப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார், மிரட்டுகிறார் என்றால் விஷயம் வேறு. அப்படி இருந்திருந்தால் நீ எழுதியிருப்பாய். வெட்டுப்பட்ட குடும்பத்தின் வலியை நான் சின்னதாக்கவில்லை. அதற்குக் கோர்ட் தண்டனை கொடுத்தது, அவர் அனுபவித்துவிட்டு வந்தார். அதற்கு மேல் உங்கள் வீடு ஒரு தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறதே, அது எத்தனை வருஷத்துக்கு? கூடப் பிறந்தவன் தப்புச் செய்தால் திட்டலாம், அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லலாம். சோற்றைத் தூரத்தில் வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

இதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று முகத்தைச் சுளிக்காதே. கிரிமினாலஜி படித்தவர் கொலைகாரனைத் துரத்திப் பிடிப்பதில்லை, அது போலீஸ் வேலை. இந்தத் துறையின் முக்கியமான வேலைகளில் ஒன்று நன்னடத்தை அலுவலர் வேலை. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயது ஆகாத ஒருவரை ஜெயிலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், பல வழக்குகளில் நீதிமன்றம் இந்த அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். அறிக்கைக்காக அந்தப் பையனின் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கும். நாளைக்கு நீ பைலும் கையுமாக யார் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்து, ‘பையனை வீட்டோடு சேர்த்துக்கொள்வீர்களா?’ என்று கேட்பாய். ‘உங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டீர்களா அம்மா?’ என்று அந்த வீட்டுக்காரி திருப்பிக் கேட்டால் என்ன சொல்வாய்?

சைக்காலஜிக்கும் இங்கே இடம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின்படி, கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அதன் விளைவு புரிந்திருந்ததா என்று, சிறார் வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும். அதற்கு உளவியலாளரின் உதவியைக் கேட்கலாம். நீ கேட்ட இரண்டு படிப்பும் சேருகிற இடம் இதுதான்.

சரி, சேர்க்கை விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் அனுமதித்தது உண்மை. உனக்கு யோசனை சொன்னவர் மீதியைச் சொல்லவில்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று அதே யுஜிசி உத்தரவு போட்டுவிட்டது. யாரிடமும் பணம் கட்டிவிடாதே. பி.எஸ்சி. சைக்காலஜியைக் கல்லூரிக்குப் போய் ஒழுங்காகப் படி. கிரிமினாலஜியை எம்.ஏ.வுக்கு வைத்துக்கொள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனித் துறையே இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஆனால் ஒன்று, வெறும் டிகிரியை வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளர்) என்று போர்டு மாட்ட முடியாது. மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவும் வேண்டும்.

உன் அப்பாவுக்கு இருப்பது பயம். நீ இந்தப் படிப்பில் சேர்ந்தால் ஊர் பழைய கதையைக் கிளறும் என்று நினைக்கிறார். கிளறினால் கிளறட்டும். இன்று ராத்திரிச் சாப்பாட்டை நீயே கொண்டு போ. உள்ளே போய் உட்கார், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இரு. ஏன் வெட்டினீர்கள் என்றெல்லாம் குடைந்து அவரை உன் பிராஜக்ட் ஆக்கிவிடாதே. விதைப்பு, மழை, தண்ணீர் என்று பேசு. அப்பா சத்தம் போடுவார், பொறுத்துக்கொள். படிப்புப் பேச்சைச் சித்தப்பாவும் கூட இருக்கும்போது எடு. அப்போதும் அப்பா மசியவில்லை என்றால் எனக்கு எழுதச் சொல். சித்தப்பாவுக்கு அண்ணன் என்கிற முறையில் அவரிடம் கேட்க என்னிடம் தனியாகச் சில கேள்விகள் இருக்கின்றன.