ஒட்டவைத்த 'எஸ்': ரசீதில் எழுதிய வார்த்தை செல்லுமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். இங்குள்ள ஒரு நாணயக் கடையில் 1893-ம் ஆண்டு மோர்கன் வெள்ளி டாலர் ஒன்றை 4,200 டாலருக்கு வாங்கினேன். ரசீதில் '1893 எஸ், அசல்' என்று கடைக்காரரே பேனாவால் எழுதிக் கொடுத்தார். தரச்சான்றுக்கு அனுப்பினால், 'எஸ் பிறகு சேர்க்கப்பட்டது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரிடம் போனால், 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். பேசாமல் இணையத்தில் ஏலம் விட்டுவிடு என்கிறார் நண்பர். என்ன செய்யலாம், சார்?

பதில்: நண்பர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். திருத்திய நாணயம் என்று தெரிந்துகொண்டே ஏமாற்றி விற்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 18-ம் தலைப்பு, 331-வது பிரிவின்படி குற்றம். ஐந்தாண்டு வரை சிறை. தரச்சான்று நிறுவனத்தின் கடிதம் கையில் இருக்கும்போது 'எனக்குத் தெரியாது' என்று உங்களால் சொல்லவும் முடியாது.

ஒற்றை எழுத்துக்கா இவ்வளவு பணம் என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். எந்த மோர்கன் டாலரும் 26.73 கிராம்தான், 90 சதவீதம் வெள்ளிதான். உருக்கினால் எல்லாம் ஒரே விலை. ஆனால் சான் பிரான்சிஸ்கோ அக்கசாலை 1893-ல் அடித்தது வெறும் ஒரு லட்சம். அதன் அடையாளம்தான் பின்பக்கம் மாலைக்குக் கீழே இருக்கும் அந்த எஸ். அதே ஆண்டு பிலடெல்பியாவில் அடித்ததில் எழுத்தே கிடையாது. விலையும் பல மடங்கு குறைவு. அதில் ஓர் எஸ்ஸை ஒட்டிவிடுவது பழைய தந்திரம்.

பத்து மடங்கு லென்ஸ் வைத்து முன்பக்கத்தைப் பாருங்கள். அசல் 1893 எஸ் எல்லாமே முன்பக்கத்துக்கு ஒரே அச்சில் அடித்தவை. 'லிபர்ட்டி' என்ற சொல்லில் 'டி' எழுத்தின் தலையில் மெல்லிய சாய்கோடு ஒன்று மேடாகத் தெரியும். உங்கள் நாணயம் அதிகம் தேயாமல் இருந்து, அந்தக் கோடு மட்டும் இல்லையென்றால் படமெடுத்து வையுங்கள். நீதிபதிக்கு நாணயம் தெரியாது, படம் புரியும்.

இனி ரசீது. 'அசல்' என்று எழுதிக் கொடுத்தது, நியூஜெர்சி வணிகச் சட்டத்தின் 2-313-வது பிரிவில் வெளிப்படையான உத்தரவாதம். அடியில் அச்சடித்த ஒரு வரி அதை அழித்துவிடாது. வழக்குப் போட நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் கடைக்காரருக்குத் தெரிவித்தாக வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேச்சோடு நிற்காமல், 'வாங்கியதை ரத்து செய்கிறேன், 4,200 டாலரைத் தந்து நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சான்றஞ்சலில், பெற்றுக்கொண்ட ஒப்புகையோடு இந்த வாரமே எழுதுங்கள்.

ஒட்டியது தனக்கே தெரியாது என்று அவர் சொல்லக்கூடும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் மாநில நுகர்வோர் மோசடிச் சட்டத்தில், பொய்யான தகவலை உறுதியாகச் சொல்லி விற்றிருந்தால் ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. நஷ்டத்தைப் போல் மூன்று மடங்கும் வக்கீல் செலவும் கிடைக்கும். 5,000 டாலர் வரைதான் சிறு வழக்கு மன்றம். மூன்று மடங்கு கேட்டால் அதைத் தாண்டிவிடும் என்பதால், 20,000 வரை விசாரிக்கும் சிறப்பு உரிமையியல் பிரிவில் போடுங்கள். போலி நாணயங்களுக்கென்று 1973-ல் வந்த கூட்டாட்சிச் சட்டமும் இருக்கிறது; அதன் விதிகளில் திருத்திய நாணயமும் அடங்கும். ஆனால் அதற்குக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற வேண்டும். இந்தத் தொகைக்கு அது வேண்டாம். கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டால் போதும்.

பணம் கைக்கு வரும்வரை நாணயத்தைக் கொடுக்காதீர்கள். சோப்பு, புளி எதையும் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். வாங்கிய நிலை மாறினால் ரத்து செய்யும் உரிமையே போய்விடும். ரசீது வழவழப்பான வெப்பத்தாளா? அப்படியானால் இன்றே நகலெடுங்கள். அதில் அச்சான எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடலாம்.